முன்சீப்பின் கடிதங்கள் எங்கே?

சென்ற போகியன்று ஏரியூரில் ஒரு வீட்டு வாசலில் தகரப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்தார்கள். அந்த வீட்டுப் பெரியவர் நாற்பது ஆண்டுகள் ஆசிரியராகவும் உபதேசியாராகவும் உழைத்து இறையடி சேர்ந்தவர். பெட்டியிலிருந்து சரிந்து விழுந்தவை கடிதங்கள்: நீலநிற உள்நாட்டு மடல்கள், மங்கிப்போன அஞ்சலட்டைகள், மனுக்களின் கார்பன் படிகள். பழைய பாயும் தேய்ந்த துடைப்பமும் எரிந்துகொண்டிருந்த நெருப்பில் அவையும் போய்ச் சேர்ந்தன. தற்செயலாய் அவ்வழியே சென்ற நான், "என்ன தம்பி இது?" என்றேன். "தாத்தாவோட பழைய பேப்பருங்க மாமா, கரையான் ஏறுது" என்றான் பேரன். குனிந்து கைக்கு அகப்பட்டதை இழுத்தேன். ஓரம் கருகிய பதினொரு தாள்கள் தப்பின.

அவற்றுள் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போன மகனுக்கு எழுத்தறியாத தாய் ஒருத்தி சொல்லச் சொல்ல உபதேசியார் எழுதிவைத்துக்கொண்ட படி. ஆட்டுக்குட்டி விற்ற கணக்கும் தங்கையின் காய்ச்சலும் அதில் இருக்கின்றன. கடைசியில், தாய் சொல்லாத ஒரு வரியைத் தாமே சேர்த்திருக்கிறார்: அம்மா முன்போல் இல்லை, பணம் வேண்டாம், ஒருமுறை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ என்று. மற்றொன்று, வறட்சிக் காலத்தில் ஊருக்குக் கிணறு வேண்டித் தாசில்தாருக்கு எழுதிய மனு. அதே கையெழுத்து, ஆனால் நிமிர்ந்த குரல். ஒரு மனிதரின் நெஞ்சும் முதுகெலும்பும் இரண்டு தாள்களில் அருகருகே கிடந்தன. மற்றவை சாம்பலாயின.

இதைக் கரையானின் குற்றம் என்று எழுத நான் விரும்பவில்லை. அந்தப் பேரனின் குற்றமென்றும் சொல்லமாட்டேன். இது நம் சமூகத்தின் குற்றம். நம் முன்னோருக்குக் கல்லறை கட்டுகிறோம், பளிங்கில் பெயர் பொறிக்கிறோம், ஆண்டுதோறும் நினைவுத் திருப்பலிக்குப் பணம் கொடுக்கிறோம். அவர்கள் தம் கையால் எழுதியதை மட்டும் எடைக்குப் போடுகிறோம், இல்லையேல் எரிக்கிறோம். இந்த வழக்கம் எவ்வளவு பெரிய இழப்பு என்பதை உணர, ஒரே காலத்தில் வாழ்ந்த இரண்டு கவிஞர்களை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலாமவர் அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் (1819-1892). உள்நாட்டுப் போரில் காயமுற்ற தம்பியைத் தேடி 1862 டிசம்பரில் புறப்பட்டவர், பின்பு வாஷிங்டன் நகரிலேயே தங்கி, மருத்துவமனைகளில் கிடந்த போர்வீரர்களின் படுக்கைதோறும் சென்றார். எழுத இயலாதவர்களுக்காக அவர்களின் பெற்றோருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். நம் உபதேசியார் செய்த அதே வேலை! வயிற்றுப்பாட்டிற்கு 1865-இல் அரசு எழுத்தர் ஆனார். அவருடைய கவிதை நூல் ஒழுக்கக்கேடானது என்று கருதிய அமைச்சர் ஜேம்ஸ் ஹார்லன் அதே ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் அவரை வேலையிலிருந்து நீக்கினார். மறுநாளே நண்பர்களின் முயற்சியால் தலைமை வழக்கறிஞரின் அலுவலகத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. 1873-இல் பக்கவாதம் தாக்கும்வரை, மேலதிகாரிகளின் கடிதங்களைப் படியெடுப்பதே அவருடைய அன்றாடப் பணி.

அவருடைய சொந்தக் கடிதங்களை எட்வின் ஹேவிலண்ட் மில்லர் என்பவர் 1961 முதல் 1977 வரை ஆறு தொகுதிகளாகப் பதிப்பித்தார். தாய்க்கு எழுதிய செலவுக் கணக்கு முதல், டிராம் வண்டி நடத்துநரான நண்பருக்கு எழுதிய நலம் விசாரிப்பு வரை அவற்றில் உண்டு. அலுவலகக் கடிதங்களின் கதை இன்னும் வியப்பானது. கென்னத் பிரைஸ் என்ற பேராசிரியர் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய பதிவுப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, விட்மனின் கையெழுத்தில் ஏறத்தாழ 3,000 ஆவணங்கள் இருப்பதை 2011-இல் உலகுக்கு அறிவித்தார். அவை கவிஞர் இயற்றியவை அல்ல. பெரும்பாலும் அவர் படியெடுத்தவை. ஆயினும், தேசத்துரோக வழக்குகளும் கறுப்பின மக்கள்மீது நடந்த வன்கொடுமைகளும் எந்த நாளில் அவர் பேனாவின் வழியே கடந்து சென்றன என்பதை இன்று நாம் அறிகிறோம்.

இங்கே ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். அந்தத் தாள்களை அமெரிக்க அரசு ஒரு மகாகவியின் எழுத்து என்று கருதிக் காக்கவில்லை. ஓர் அலுவலகத்தின் தாள் என்று காத்தது. அவ்வளவுதான். அவற்றின் அருமை தெரிய 138 ஆண்டுகள் ஆயின. மதிப்பு தெரிந்த பிறகு காப்போம் என்று இருந்திருந்தால் காக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது.

இரண்டாமவர் நம்மவர், மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826-1889). விட்மனைவிட ஏழாண்டு இளையவர். அவருக்கு மூன்றாண்டு முன்னரே மறைந்தவர். திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். திருச்சி நீதிமன்றத்தில் அவர் பார்த்த முதல் வேலை என்ன தெரியுமா? ஆவணக் காப்பாளர்! பிறர் தாள்களைப் பேணுவதில் பணியைத் தொடங்கியவர், மொழிபெயர்ப்பாளராகி, 1857-இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். பின்பு சீர்காழி, மாயூரம். ஆங்கிலத்தில் அடைபட்டுக் கிடந்த சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி 1862-இல் வெளியிட்டார். 1879-இல் வெளிவந்த அவருடைய 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல். வழக்காடுபவனுக்குப் புரியாத மொழியில் வழக்கு நடத்துவது தகுமா என்று அந்நாவலிலேயே கேட்டவர் அவர்.

அவருடைய நட்பு வட்டத்தை எண்ணிப் பாருங்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மீது 'குளத்துக் கோவை' பாடினார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அவருக்கு நெருங்கியவர். 1876-78 பெரும் பஞ்சத்தில் அவர் கஞ்சி வார்த்ததைக் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனையாகப் பாடினார். இத்தகைய ஒருவர் சைவ மடத்துத் தலைவருக்கும் புலவர்களுக்கும் எத்தனை மடல்கள் எழுதியிருப்பார்! முன்சீப்பாக மாவட்ட நீதிமன்றத்துக்கு எத்தனை விளக்கங்கள் அனுப்பியிருப்பார்! கஞ்சித்தொட்டி நடந்த நாள்களில் அரிசிக்கும் விறகுக்கும் யார் யாரிடம் கையேந்தி எழுதியிருப்பார்! ஒரு கத்தோலிக்கப் பொதுநிலையினர் அரசுப் பணியில் நேர்மையோடும், பிற சமயத்தாரிடம் தோழமையோடும், தம் விசுவாசத்தில் உறுதியோடும் எப்படி வாழ்ந்தார் என்பதற்கு அவற்றைவிட வேறு நற்சான்று உண்டா?

நம் மேடைகளில் அவர் பெயர் ஒலிக்காத இலக்கிய விழா இல்லை. 'முதல் நாவலாசிரியர் நம்மவர்' என்று மார்தட்டுகிறோம். நான் அறிந்த பங்கு நூலகங்களிலும் பள்ளி நூலகங்களிலும், அவருடைய சொந்தக் கடிதங்களும் அலுவல் மடல்களும் அடங்கிய தொகுப்பு என்று ஒன்றைக் கேட்டுப் பார்த்தேன். கேட்டவர்கள் என்னை வியப்போடு பார்த்தார்கள். அப்படி ஒன்றைத் தேடலாம் என்ற எண்ணமே யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

வேதநாயகரை ஓர் உயிருள்ள மனிதராக நமக்குக் காட்டியதில் பெரும்பங்கு யாருடையது? திருவாவடுதுறைச் சைவ மடத்தில் பயின்ற உ.வே. சாமிநாதையருடையது. தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை அவர் 1933, 1934 ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக எழுதினார்; அதிலும் 'என் சரித்திரம்' நூலிலும் நம் முன்சீப் நடமாடுகிறார், பேசுகிறார், பாட்டனுப்புகிறார். ஐயர் தமக்கு வந்த கடிதங்களையும் எறியவில்லை. 1877 முதல் 1900 வரை அவருக்கு வந்தவை, ஆ. இரா. வேங்கடாசலபதியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 2018-இல் நூலாயின. நம் வீட்டுச் செல்வத்தைப் பக்கத்து வீட்டார் விளக்கேற்றிக் காத்தார்கள். நாமோ அது எங்கள் செல்வம் என்று உரிமை மட்டும் கொண்டாடுகிறோம்.

திருச்சபைக்குக் கடிதங்களின் அருமை தெரியாதா? நன்றாகத் தெரியும். புதிய ஏற்பாட்டின் 27 நூல்களில் 21 திருமுகங்கள். பவுலடியார் பிலமோனுக்கு எழுதியது ஓர் அடிமைக்காகப் பரிந்து பேசும் சிறு மடல். திமொத்தேயுவுக்கு எழுதும்போது, துரோவாவில் விட்டுவந்த போர்வையையும் தோற்சுருள்களையும் கொண்டுவரச் சொல்கிறார். அதை யாரோ ஒருவர் 'சொந்த விஷயம்' என்று கிழித்துப் போடாததால்தான், சிறையில் குளிரில் நடுங்கிய பவுலை நாம் அறிகிறோம். புனித சவேரியார் 1544-இல் முத்துக்குளித்துறையிலிருந்து தம் துணைவர் மான்சிலாசுக்கு எழுதிய சிறு சிறு மடல்களையும் இயேசு சபையினர் காத்தனர். வடுகர் தாக்குதலுக்கு அஞ்சிக் குமரிமுனைப் பாறைகளில் பசித்துக் கிடந்த பரதவர்க்கு உணவு கொண்டுசெல்ல அவர் பட்ட பாடு அவற்றால் விளங்குகிறது. கேட்கிறேன்: குருக்களின் கடிதங்கள் வரலாறு, பொதுநிலையினரின் கடிதங்கள் குப்பையா? இந்தப் பாகுபாட்டை நமக்குக் கற்பித்தது யார்?

மறுப்புரைகள் வரும், அறிவேன்.

"பிறர் கடிதத்தைப் படிப்பது பண்பாடு அன்று" என்பார்கள். இது நேர்மையான மறுப்பு. 1855-இல் எமர்சன் தமக்கு எழுதிய பாராட்டுக் கடிதத்தை அவர் இசைவு பெறாமலேயே அச்சேற்றிய விட்மனும் இதில் தவறியவரே. எமிலி டிக்கின்சன் 1886-இல் மறைந்தபோது, அவருக்கு வந்த கடிதங்களைத் தங்கை லவினியா எரித்துவிட்டார். அதுவே தமக்கையின் விருப்பம். எழுதியவரே எரிக்கச் சொன்னால் எரியுங்கள்; அது மதிப்பதாகும். நம் வீடுகளில் நடப்பது அதுவா? படித்துப் பாராமலே எரிக்கிறோம். அதற்குப் பெயர் பண்பாடு அன்று, அசட்டை. மேலும், காப்பது வேறு, வெளியிடுவது வேறு. ஐம்பது ஆண்டுகள் பிரிக்கக் கூடாது என்று எழுதிக் கட்டி வைக்கலாமே!

"வேதநாயகர் பெரியவர், எங்கள் தாத்தா யார்?" என்பார்கள். பதிவுப் புத்தகத்தைப் படியெடுத்த விட்மனும் அன்று ஓர் எழுத்தர்தான். யார் பெரியவர் என்று தீர்ப்பிடும் உரிமையை நெருப்பிடம் கொடுத்தவர் யார்?

"இடமில்லை" என்பார்கள். ஞானஸ்நானம், திருமணம், இறப்புப் பதிவேடுகளை இரும்பு அலமாரியில் பூட்டிவைக்கும் பங்குகளில் இன்னும் ஓர் அலமாரிக்கு இடமில்லையா? பதிவேடு ஒருவர் பிறந்தார், மணந்தார், இறந்தார் என்று மூன்று வரிகளில் முடித்துவிடும். நடுவில் அவர் வாழ்ந்த வாழ்வு கடிதத்தில்தான் இருக்கிறது.

ஆகவே, என் வேண்டுகோள் எளியது. ஒவ்வொரு குடும்பத்திலும் பெட்டியைக் கவிழ்க்குமுன் ஒருவர் அமர்ந்து படிக்கட்டும். வேண்டாதவர்கள் பங்கு அலுவலகத்தில் கொடுக்கட்டும். பங்குகள் அவற்றை உரியவர் பெயரோடு வாங்கி வைக்கட்டும். மறைமாவட்டக் காப்பகங்கள் பொதுநிலையினரின் தாள்களுக்கும் கதவு திறக்கட்டும். நம் கல்லூரிகளில் தமிழாய்வு செய்யும் இளைஞர்கள் வேதநாயகர் பற்றிப் பழைய பாராட்டுரைகளையே திரும்ப எழுதுவதை விடுத்து, எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் பழைய நீதிமன்றப் பதிவறைகளிலும் அந்த முன்சீப்பின் கையெழுத்தைத் தேடிப் புறப்படட்டும். 138 ஆண்டுகளுக்குப் பின்னும் தேடியவருக்குக் கிடைத்தது. தேடாதவருக்கு என்றும் கிடைக்காது.

எங்கள் ஏரியூர் வட்டாரத்தார்க்கு மேட்டூர் நீர்த்தேக்கம் தெரிந்த காட்சி. நாகமரைக்கு எதிர்க்கரையில் பண்ணவாடி. 1934-இல் அணை எழுந்தபோது அங்கே பழைய ஊரும் கோயிலும் தேவாலயமும் நீரில் மூழ்கின. நீர் வற்றும் ஆண்டுகளில் நந்தியின் சிலையும் தேவாலயத்தின் கோபுரமும் மெல்லத் தலைகாட்டும். மக்கள் கரையில் கூடிநின்று, 'நம் பாட்டன் மணமுடித்த கோயில்' என்று சுட்டிக் காட்டுவார்கள். நீரில் மூழ்கியது என்றேனும் ஒருநாள் வெளிப்படும். நெருப்பில் போனது எந்தக் கோடையிலும் வெளிவராது.

ஓரம் கருகிய அந்தப் பதினொரு தாள்கள் என் மேசையில் இருக்கின்றன. பேரன் கேட்கும் நாளில் கொடுப்பதற்காக வைத்திருக்கிறேன்.