கோயிலின் வயதைக் கூட்டாதீர்கள்

தேதியும் கையெழுத்தும் இல்லாத தாளைக் கோப்பில் சேர்க்காதே என்று பழக்கப்பட்ட அரசாங்க எழுத்தன் நான். ஓய்வுக்குப் பிறகு மகள் வீட்டோடு கம்பத்துக்கு வந்தேன். இந்தப் பக்கம் எந்தக் கோயில் வாசலிலும் 'இரண்டாயிரம் ஆண்டுப் பழமை' என்ற பலகையைக் கண்டால் அந்தப் பழைய புத்தி விழித்துக்கொள்கிறது. எந்த ஆவணப்படி?

புதுச்சேரியில் பிரெஞ்சு மொழியில் படித்தவன் நான். பாரிஸ் நோத்ர் தாம் தேவாலயம் கட்டத் தொடங்கிய ஆண்டு 1163 என்பது சிறு வயதிலேயே மனப்பாடம். 2019 ஏப்ரல் 15-ல் அதன் கூர்ங்கோபுரம் எரிந்து விழுந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கும் கண் கலங்கியது. ஆனால் விழுந்த கோபுரம் பழையதல்ல. 19-ஆம் நூற்றாண்டில் வியொலே-லெ-துய்க் எழுப்பியது. அதை அங்கே யாரும் மறைப்பதில்லை. அதனால் பெருமை குறைந்ததா? 2024 டிசம்பரில் மறுபடி திறந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது.

நம்மிடம் சான்றுக்கா பஞ்சம்? பக்கத்துச் சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' மூன்றாம் தொகுதியில் அச்சாகியிருக்கின்றன. மகாபாரதத்தைத் தமிழில் செய்ததையும் மதுரையில் சங்கம் வைத்ததையும் அவை சொல்கின்றன. உத்தமபாளையம் பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களோடு அச்சணந்தி என்ற சமண முனிவர் பெயரும் வட்டெழுத்தில் இருக்கிறது. ஆயிரம் ஆண்டைத் தாண்டிய சொத்து இது. இன்னொரு ஆயிரத்தைக் கடன் வாங்க வேண்டிய தேவை என்ன?

வயதைக் கூட்டிச் சொல்கிற அதே கைதான் சான்றையும் அழிக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு கோயிலில் திருப்பணி பார்க்கப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். கருவறைச் சுவரின் அடியில் வரிவரியாக எழுத்து. அதன்மேல் எனாமல் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். தடுத்துக் கேட்டேன். "சாமிக்கு எதுக்கு சார் தேதி? பக்தி போதாதா?" என்றார் உபயதாரர்.

பக்தி போதும் ஐயா. அப்படியானால் பலகையில் இரண்டாயிரம் எதற்கு?

அந்த எழுத்து வெறும் கீறல் இல்லை. யார் நிலம் கொடுத்தார், யார் விளக்கெரிக்க ஆடு விட்டார் என்று எழுதி வைக்கும் பதிவேடு. பக்தி செய்தவனின் பெயரே அதில்தான் இருக்கிறது. அலுவலகத்தில் பதிவேட்டை அழித்தவனுக்குச் சஸ்பென்ஷன். கோயிலில் கல்வெட்டை அழித்தவனுக்கு மாலை, பரிவட்டம்!

குடமுழுக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. பெயின்ட் டப்பாவைத் திறக்குமுன் கல்வெட்டு படிக்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். ஈரத் தாளைக் கல்லில் ஒற்றி, மை தட்டிப் படி எடுப்பார். மணல் பீய்ச்சும் இயந்திரத்தை வாசலிலேயே நிறுத்துங்கள். கல் என்ன சொல்கிறதோ அதை அப்படியே பலகையில் எழுதுங்கள். எழுநூறு என்றால் எழுநூறு. சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.