நூற்பூவின் விலை

பருத்தி நூலும், முனையில் கொக்கியுடைய ஓர் ஊசியும் இருந்தால் போதும். பயின்ற கைகளில் ஒரு சிறு பூ மலர்ந்துவிடும். இக்கலையைக் குரோஷா பின்னல் என்பர். முதலில் சில சங்கிலிக் கண்ணிகளைப் பின்னி வளையமாக இணைத்தல் வேண்டும். பின்னர் அவ்வளையத்தைச் சுற்றிக் குட்டையும் நெட்டையுமான கண்ணிகளை முறையாகப் பின்னினால் இதழ்கள் உருவாகும். எண்ணிக்கை தவறினால் இதழ் கோணிவிடும். கண்ணும் கையும் கணக்கும் ஒன்றுபட வேண்டிய தொழில் இது. ஆயினும், இதனை வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்கு என்று சொல்லிக் கடந்துவிடுவோர் பலர். அக்கருத்துப் பொருந்தாது. இது உழைப்பு, உரிய ஊதியம் பெறத்தக்க உழைப்பு.

அத்தவறான எண்ணம் தோன்றுவதற்கு இக்கலையின் எளிமையே ஒரு காரணம் எனலாம். தறியைப் போல இதற்குத் தனியிடம் வேண்டுவதில்லை. பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் ஊசியில் நிற்கும். எனவே, உலை கொதிக்கும்போது கீழே வைக்கலாம். குழந்தை உறங்கியதும் மீண்டும் எடுக்கலாம். இவ்வாறு பிற வேலைகளின் இடையே செய்யப்படுவதால், இதற்குச் செலவாகும் நேரம் எவர் கணக்கிலும் ஏறுவதில்லை.

திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய திருவிதாங்கூரின் வரலாறு, நூற்கலையின் ஆற்றலை நன்கு உணர்த்துகிறது. அந்நாட்டின் தென்பகுதியாகிய நாகர்கோவிலில், இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார், 1820-களில் பெண்களுக்குக் கல்வியோடு லேஸ் பின்னலையும் கற்பித்தார். லேஸ், குரோஷாவுக்கு உடன்பிறப்புப் போன்ற கலை. அதனால் ஈட்டிய பொருளைக் கொண்டு அடிமைப் பெண்கள் சிலர் தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றனர் என மிஷன் வரலாற்றுக் குறிப்புகள் கூறுகின்றன. திருவிதாங்கூரில் அடிமை முறை அரச ஆணையால் ஒழிந்ததோ 1855-இல்தான். உழைப்புக்குக் கூலி கிடைத்தபோது, மெல்லிய நூலும் தளையை அறுத்தது.

கூலி கிடைக்காதபோது நேர்வது என்ன? ஆந்திரப் பிரதேசத்தின் நரசாபுரம் அதற்குச் சான்று. அவ்வூர்ப் பெண்கள் பின்னிய குரோஷா வேலைப்பாடுகள் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாயின. அவர்தம் வாழ்வை ஆராய்ந்த ஜெர்மானியச் சமூகவியலறிஞர் மரியா மீஸ், 1982-இல் வெளியிட்ட நூலில் ஒரு கசப்பான உண்மையை விளக்கினார். நாள்தோறும் பல மணி நேரம் பின்னிய அப்பெண்கள் தொழிலாளராக மதிக்கப்படவில்லை. ஓய்வு நேரத்தில் ஊசி பிடிக்கும் இல்லத்தரசியராகவே கருதப்பட்டனர். அதனால் அவர்களுக்கு மிகக் குறைந்த கூலியே கிட்டியது. பொழுதுபோக்கு என்னும் சொல்லே கூலியைக் குறைக்கும் கருவியாயிற்று. நரசாபுரம் குரோஷாவுக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குக் கிடைத்த பெருமை, பின்னும் கைகளுக்கு வருவாயாகச் சென்று சேர்தல் வேண்டும்.

"சந்தையில் இதைவிட மலிவாகக் கிடைக்கிறதே!" என்று சிலர் வாதிடலாம். நெசவுக்கும் ஊசிப் பின்னலுக்கும் பொறிகள் உண்டு. குரோஷாப் பின்னலையோ ஆலைகளில் பொறிகள் செய்வதில்லை. அதன் தோற்றத்தையே அவை போலி செய்கின்றன. ஆகவே, உண்மையான குரோஷாப் பூ மிக மலிவாக விற்கப்படுமாயின், எங்கோ ஒருவருடைய உழைப்புக்கு உரிய கூலி மறுக்கப்பட்டுள்ளது என்றே கொள்ள வேண்டும்.

இந்நிலையை மாற்றக் கேரளத்தில் வழி உண்டு. 1998-இல் தொடங்கப்பட்ட குடும்பஸ்ரீ இயக்கம், பெண்களைக் குழுக்களாக இணைத்துத் தொழில் முனைவோராக்கி வருகிறது. திருவனந்தபுரத்தில் கைவினைப் பொருள்களை விற்கும் எஸ்.எம்.எஸ்.எம். நிலையம் போன்ற அரசு விற்பனையகங்களும் உள்ளன. தனியே பின்னுபவர் இடைத்தரகர் சொல்லும் விலைக்கு உடன்பட நேரிடும். குழுவாகச் சேர்ந்தோர் நூலின் விலையோடு நேரத்தின் விலையையும் சேர்த்துக் கேட்க இயலும்.

வாங்குவோர்க்கும் இதில் கடமை உண்டு. உள்ளங்கையில் அடங்கும் ஒரு நூற்பூவுக்குப் பேரம் பேசுமுன், அதனைப் பின்ன எத்தனை நாழிகை ஆயிற்று என்று கேட்டறிதல் நன்று. விடை கிடைத்த பின்னர், பேரம் பேசப் பலருக்கு மனம் வாராது.