‘புறக்கணிக்கிறார்’ என்று நான் சொன்னது

சில ஆண்டுகளுக்கு முன்பு, பக்கவாதத்திலிருந்து மீண்டுவந்த ஒருவரை அவருடைய மனைவி மறுபரிசோதனைக்கு அழைத்து வந்திருந்தார். இடக் கை ஓரளவு அசையத் தொடங்கியிருந்தது, தடியூன்றி நடந்தார், இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தது. மருந்துச் சீட்டை எழுதி நீட்டிய பிறகும் அந்த அம்மையார் எழுந்திருக்கவில்லை. கணவரை மகனோடு வெளியே அனுப்பிவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: “டாக்டர், கை கால் வந்துடுச்சு. ஆனா மனுஷன் மாறிப்போயிட்டார். அவங்க அக்கா வந்தா சிரிச்சுப் பேசுறார். நான் பக்கத்துலயே உட்கார்ந்து கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறதில்லை. நீங்களே அன்னிக்குச் சொன்னீங்களே, புறக்கணிக்கிறார்னு.”

அப்படிச் சொன்னது நான்தான். அவரை வீட்டுக்கு அனுப்பிய நாளில், மூளையின் வலப்பக்கத்தில் ஏற்பட்ட பாதிப்பை விளக்கும்போது, மருத்துவ நூல்கள் ஆங்கிலத்தில் ‘நெக்லெக்ட்’ என்று குறிக்கும் நிலையை அப்படியே தமிழாக்கி, “இடப்பக்கத்தைப் புறக்கணிக்கிறார்” என்று கூறியிருந்தேன். தமிழிலேயே விளக்கிவிட்டோம் என்ற மனநிறைவுகூட அன்று எனக்கு இருந்தது. ஆனால் புறக்கணிப்பு என்பது நம் மொழியில் தெரிந்தே செய்யும் செயல். கண்டும் காணாததுபோல் போவது. வீட்டு விசேஷத்துக்கு ஒருவரை மட்டும் அழைக்காமல் விடுவது. அந்த அம்மையார் மூன்று மாதங்களாக அந்தப் பொருளோடு வாழ்ந்திருக்கிறார்.

வீட்டில் எங்கே உட்கார்வீர்கள் என்று கேட்டேன். கட்டிலின் இடப்புறம், ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டு என்றார். காரணம் எளியது. செயலிழந்த கை இடக் கை. இயன்முறை மருத்துவர் கற்றுத்தந்த பயிற்சிகளை அந்தக் கைக்குத்தானே கொடுக்க வேண்டும்? வந்துபோகும் நாத்தனாருக்கு நாற்காலி வலப்புறம், சன்னலோரம்.

அவருடைய கணவருக்குக் கண் பார்வை நன்றாகவே இருந்தது. காது கேட்டது. பழுதுபட்டிருந்தது கவனம். வலப்பக்க மூளையின் பக்கவாட்டு மேற்பகுதி பாதிக்கப்படும்போது சிலருக்கு உலகின் இடப்பாதி கவனத்திலிருந்தே விலகிவிடுகிறது. இருட்டாகவோ மங்கலாகவோ தெரிவதில்லை. அப்படி ஒரு பாதி உண்டு என்பதே அவர்களுக்குத் தோன்றுவதில்லை. தட்டின் வலப்பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, இடப்புறம் வைத்த பொரியல் அப்படியே கிடக்க, “பொரியல் ஏன் வைக்கவில்லை?” என்று கோபிப்பார்கள். வலக் கன்னத்தை மட்டும் மழித்துக்கொண்டு முகச்சவரம் முடிந்தது என்பார்கள்.

இதை உலகுக்குத் தெளிவாகக் காட்டிய ஆய்வு இத்தாலியின் மிலான் நகரில் நடந்தது. 1978-இல் பிசியாக், லுசாட்டி என்ற இரு ஆய்வாளர்கள் அதை வெளியிட்டார்கள். இவ்வகைப் பாதிப்புள்ள மிலான் நகரத்து நோயாளிகளிடம், ஊரின் பேராலயச் சதுக்கத்தில் ஆலயத்தைப் பார்த்து நிற்பதாகக் கற்பனை செய்துகொண்டு, சுற்றியுள்ள கட்டடங்களைச் சொல்லும்படி கேட்டார்கள். வலப்பக்கக் கட்டடங்களே பெரும்பாலும் வந்தன. பிறகு, ஆலயத்தின் வாயிலில் நின்று எதிர்த் திசையைப் பார்ப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். முன்பு விட்டுப்போனவை இப்போது வலப்பக்கம் அமைந்ததால் வரிசையாக வந்தன. முன்பு சொன்னவை விட்டுப்போயின. நினைவு முழுமையாகவே இருந்திருக்கிறது. அகக்கண்ணில் விரிந்த காட்சியின் இடப்பக்கம்தான் எட்டவில்லை.

அந்த அம்மையாரிடம் நான் மிலானைப் பற்றிப் பேசவில்லை. கணவரை உள்ளே அழைத்து, கோயில் முனையிலிருந்து உங்கள் வீட்டுக்கு நடந்துவருவதாக நினைத்துக்கொண்டு வழியில் உள்ள கடைகளைச் சொல்லுங்கள் என்றேன். தையற்கடை, மருந்துக்கடை, இரும்புக்கடை என்று சொன்னார். “மளிகைக் கடையை விட்டுட்டாரே, முப்பது வருஷமா அங்கதானே வாங்குறோம்” என்று மனைவி வியந்தார். இப்போது வீட்டிலிருந்து கோயிலுக்குப் போங்கள் என்றேன். மளிகைக் கடை வந்தது. அதையடுத்து மாவு மில்லும் சலூனும் வந்தன. மருந்துக்கடை காணாமல் போயிற்று. (எல்லா நோயாளியிடமும் இது இவ்வளவு தெளிவாக வெளிப்படுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அன்று வெளிப்பட்டது.)

அம்மையார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ நான் அந்தப் பக்கம் இருக்கிறதே அவருக்குத் தெரியலையா?” என்று கேட்டார்.

முதல் நாளிலேயே நான் தந்திருக்க வேண்டிய விளக்கம் அது. அதற்கு ஆன நேரம் ஏறக்குறைய பத்து நிமிடம். அதன்பின் அந்த வீட்டில் சில மாற்றங்கள் நிகழ்ந்தன. மனம்விட்டுப் பேசும்போது அவர் வலப்புறம் அமர்ந்தார். பயிற்சி நேரத்தில் மட்டும் இடப்புறம் வந்து, கையைத் தொட்டு, பெயர் சொல்லி அழைத்து, பார்வை தம்மை வந்தடையும்வரை காத்திருந்தார். சாப்பாட்டின் நடுவே தட்டைத் திருப்பிவைத்தார். நாளிதழின் இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டி, அதைக் கண்டுபிடித்த பிறகே வரியைப் படிக்கச் சொன்னார். சாலையைத் தனியே கடக்க விடவில்லை. சூடான பாத்திரத்தை இடப்புறம் வைக்கவில்லை. இந்தப் பாதிப்பு பலருக்கு முதல் சில வாரங்களிலும் மாதங்களிலும் கணிசமாகக் குறைகிறது, சிலருக்கு நீடிக்கிறது. இவருக்கு ஓரளவு குறைந்தது. அவர்கள் இருவரின் இசைவோடுதான் இதை எழுதுகிறேன்.

மூளை அறிவியலை மக்களிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்று மேடைகளில் நாங்கள் அடிக்கடி பேசுகிறோம். அது ஏதோ ஓய்வு நேரத்தில் செய்யும் பொதுத்தொண்டு என்பதுபோல் அந்தப் பேச்சு அமைந்துவிடுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் போடும் முறையைக் கற்றுத்தருவதை யாரும் தொண்டு என்று சொல்வதில்லை, அது சிகிச்சை. மூளை பாதிக்கப்பட்டவரின் நடத்தையை அவருடைய வீட்டாருக்குப் புரியவைப்பதும் அப்படித்தான். எலும்பு முறிந்தவர் நடக்காவிட்டால் யாரும் அவர்மீது வருத்தப்படுவதில்லை. மூளையில் அடிபட்டவர் பேசாவிட்டால், கோபித்தால், சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்தால், அதை அவருடைய குணமாகவே கொள்கிறோம். திமிர், சோம்பல், நன்றியின்மை என்று பெயரும் இடுகிறோம். பராமரிப்பவரின் மனம் முறிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

புரியவைப்பது என்பது வியப்பூட்டுவதும் அன்று. மூளை குறித்த பிரபலமான கதைகளுள் முதலிடம் ஃபினியஸ் கேஜுக்கு உரியது. 1848 செப்டம்பர் 13 அன்று, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் இருப்புப்பாதைக்காகப் பாறையை வெடிவைத்துத் தகர்க்கும் பணியில் இருந்த இந்த 25 வயது மேற்பார்வையாளரின் இடக் கன்னத்தின் வழியே நுழைந்த இரும்புக் கம்பி உச்சந்தலையைப் பிளந்துகொண்டு வெளியேறியது. மூன்றரை அடிக்கும் சற்று அதிகமான நீளம், சுமார் 6 கிலோ எடை. அவர் பிழைத்தார். ஆனால் பொறுப்பும் பொறுமையும் மிக்கவராய் இருந்தவர், சினமும் வசைமொழியும் நிலையற்ற மனமும் உடையவராக மாறிவிட்டார் என்று அவருக்குச் சிகிச்சை அளித்த ஹார்லோ 1868-இல் எழுதினார். நெற்றிப்பகுதி மூளைக்கும் நடத்தைக்கும் உள்ள தொடர்பைப் பேசும் எவரும் இந்தக் கதையைச் சொல்லாமல் இருப்பதில்லை. நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன், எப்போதும் அந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டு.

கதை அங்கே முடியவில்லை. கேஜ் பின்னர் தென்னமெரிக்காவின் சிலி நாட்டுக்குச் சென்று, பல ஆண்டுகள் பயணிகள் குதிரை வண்டியோட்டினார். பல குதிரைகளை ஒருங்கே அடக்கி, பயணிகளோடு பழகி, நெடுந்தொலைவு வண்டி செலுத்துவது எளிய வேலை அன்று. ஒழுங்கான அன்றாட வேலை ஒன்று அமைந்ததால் அவர் பெரிதும் சீரடைந்திருக்க வேண்டும் என்று, இந்த வரலாற்றை ஆராய்ந்த மால்கம் மக்மில்லன் வாதிடுகிறார். கேஜ் 1860-இல் வலிப்பு கண்டு இறந்தார். வகுப்பறைக்குக் கதையின் முற்பாதி போதும். விபத்தில் நெற்றியில் அடிபட்ட மகனை வீட்டில் வைத்துக்கொண்டிருக்கும் தாய்க்குத் தேவைப்படுவது பிற்பாதி: வேளை தவறாத உணவும் உறக்கமும், ஒரே ஒழுங்கில் நடக்கும் நாளும், ஒரு நேரத்தில் ஒரு வேலையும் இத்தகையவர்களுக்கு உதவக்கூடும் என்ற செய்தி.

நாங்கள் விட்ட வெற்றிடத்தை வாட்ஸ்அப் நிரப்புகிறது. மனிதன் மூளையில் பத்து விழுக்காட்டையே பயன்படுத்துகிறான் என்பது அதில் பழைய சரக்கு. உடல் எடையில் சுமார் 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வாக இருக்கும்போதே உடலின் ஆற்றலில் ஏறக்குறைய 20 விழுக்காட்டைச் செலவிடுகிறது. சும்மா கிடக்கும் உறுப்புக்கு உடல் இவ்வளவு செலவு செய்யாது. இந்தத் துணுக்கு தவறு என்பதைவிட, பக்கவாதம் கண்டவரிடம் “மீதித் தொண்ணூறு விழுக்காட்டைப் பயன்படுத்துங்கள், மனம்தான் காரணம்” என்று உறவினர்கள் அறிவுரை சொல்லக் கேட்டிருக்கிறேன் என்பதே எனக்கு வலிக்கிறது.

சொல்லாமல் விடுவதால் நேரும் இழப்புக்கு வேறோர் எடுத்துக்காட்டு. பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள், சிலருக்கு அடக்கமுடியாத உந்துதல்களைத் தூண்டுகின்றன: சூதாட்டம், தேவையற்ற பொருள்களை வாங்கிக் குவித்தல், மிகையான உண்ணல், மிகையான பாலுணர்வு. வாழ்நாள் முழுதும் சீட்டைத் தொடாத பெரியவர் இரவெல்லாம் கைப்பேசியில் ரம்மி ஆடுவார். வீட்டார் வெட்கத்தால் அதை மறைப்பார்கள். ‘வயசான காலத்துல புத்தி கெட்டுப்போச்சு’ என்று அவரையே குறைசொல்வார்கள். மருத்துவரிடம் சொன்னால், அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ சரிசெய்ய வழியுண்டு. ஆனால் நீங்களாகவே மருந்தை நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்துவது தீங்கு தரும். மருந்து எழுதும் நாளிலேயே இதைச் சொல்லிவைப்பது எங்கள் கடமை.

நேரமில்லை என்று என் சக மருத்துவர்கள் சொல்வார்கள். வெளியே வரிசையில் காத்திருப்பவர்களை நானும் பார்க்கிறேன். இந்தக் குறையை நான் எளிதாக ஒதுக்கவில்லை. ஆனால் சொல்லாமல் மிச்சப்படுத்திய பத்து நிமிடம், தேவையற்ற மறுவருகைகளாகவும் பராமரிப்பவரின் உறக்கமின்மையாகவும் திரும்பி வருவதையும் பார்க்கிறேன். இன்னொரு மறுப்பு அதைவிட வலுவானது: எல்லாவற்றுக்கும் மூளையே காரணம் என்று சொல்லிக்கொடுத்தால், வீட்டார் எதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றாகிவிடாதா? ஆகக் கூடாது. அடிப்பது மூளைப் பாதிப்பால் நிகழ்ந்தாலும், அடி வாங்குபவருக்கு வலிக்கத்தான் செய்கிறது. அத்தகைய சூழலில் மறைக்காமல் எங்களிடம் வாருங்கள். விலகி நின்று உங்களைக் காத்துக்கொள்வது அன்பின்மை ஆகாது. காரணம் தெரிவதால் மனவருத்தம் முழுதும் நீங்கிவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். அந்த அம்மையாருக்கே அது முழுதும் நீங்கவில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. மூளை தொடர்பான நோய்க்காக அனுமதிக்கப்பட்டவரை வீட்டுக்கு அழைத்துச் செல்லுமுன், ஸ்கேன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்: “இந்த இடம் பாதிக்கப்பட்டதால் வீட்டில் இவருடைய நடத்தையில் என்னென்ன மாறலாம்? அப்போது நாங்கள் என்ன செய்ய வேண்டும்?” விடையில் புரியாத சொல் வந்தால் நிறுத்தி, திரும்பக் கேளுங்கள். புரிந்ததாகத் தோன்றும் சொல்லையும், என்னுடைய ‘புறக்கணிப்பு’போல, ஒருமுறை கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தச் சொல்லை நான் பயன்படுத்துவதில்லை. ‘இடப்பக்கத்தில் ஆள் இருப்பதோ பொருள் இருப்பதோ அவர் கவனத்துக்கு எட்டாது, வேண்டுமென்று செய்வதில்லை, வலப்பக்கம் வந்து பேசுங்கள்’ என்று தமிழில் எழுதித் தருகிறேன். டிஸ்சார்ஜ் சம்மரியில் அதற்கென்று கட்டம் இல்லை. தாளின் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது, அங்கே எழுதுகிறேன்.