கடல் கடக்கும் கலைஞருக்கு ஆங்கிலம் மட்டும் போதுமா?

கடல் கடந்து பொருளீட்டுதல் கடலூர் மாவட்டத்தாருக்குப் புதிதன்று. பரங்கிப்பேட்டை மரக்காயர்கள் மரக்கலம் ஏறிக் கீழ்த்திசை நாடுகளோடு வணிகம் செய்த மரபினர். இலால்பேட்டையிலிருந்தும் நெல்லிக்குப்பத்திலிருந்தும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றோர் பலர். அன்று தந்தையர் கடை வேலைக்கும் கட்டட வேலைக்கும் சென்றனர். இன்று மைந்தரும் மகளிரும் வடிவமைப்பாளராகச் செல்ல விழைகின்றனர். விளம்பரம், நூலட்டை, பொருளின் உறை, பெயர்ப்பலகை, கைப்பேசித் திரை ஆகியவற்றுக்குப் பயனும் அழகும் பொருந்த உருவம் சமைத்துத் தருவதே அத்தொழில்.

இவ்விழைவு போற்றத்தக்கது. ஆயினும், ஆங்கிலம் பேச வந்துவிட்டால் அயல்நாட்டு வேலையும் வந்துவிடும் என்னும் நம்பிக்கை கடலூர் முதல் சிதம்பரம் வரை வேரூன்றியிருக்கிறது. அதனைச் சற்றே உரைத்துப் பார்ப்பது நம் கடமை.

ஆங்கிலம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. துபாயிலும் சிங்கப்பூரிலும் அலுவலக மொழி பெரிதும் ஆங்கிலமே. ஆனால் மணிலாவிலிருந்தும் கெய்ரோவிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வரும் இளைஞரும் அதே ஆங்கிலத்தோடுதான் வருகின்றனர். எல்லாரிடத்தும் உள்ள பொருள் எவருக்கும் தனிச் சிறப்பாகாது. ஜெர்மனி நாடு 2024ஆம் ஆண்டு ஜூன் திங்களில் 'வாய்ப்பு அட்டை' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. தகுதியுடையோர் ஓராண்டு வரை அங்குத் தங்கி வேலை தேட அது வழி செய்தது. மொழித் தகுதிக்குத் தொடக்கநிலை ஜெர்மன் அல்லது நல்ல ஆங்கிலம் போதும் என்றனர். ஆயினும் அது வேலை தேடுவதற்கான இசைவே, வேலை அன்று. ஜெர்மன் மொழி பேசும் வாடிக்கையாளருக்காக விளம்பரம் சமைப்பவன் அம்மொழி அறியாமல் நெடுநாள் நிலைப்பது அரிது. ஆங்கிலம் வாயிலைத் திறக்கும். உள்ளே இருக்கை தருவது வேறொன்று.

அந்த வேறொன்று நம் வீட்டிலேயே இருக்கிறது என்பதே என் துணிபு. வளைகுடா நாடுகளில் பெயர்ப்பலகையும் பொருளின் உறையும் அரபியும் ஆங்கிலமுமாக இருமொழியில் அமைகின்றன. ஒன்று வலமிருந்து இடமாகவும் மற்றொன்று இடமிருந்து வலமாகவும் ஓடும். இரண்டையும் ஒரே பலகையில் முரணின்றி அமைப்பது எளிய கலையன்று. குர்ஆன் மதரஸாவில் சிறு வயதிலேயே அரபு எழுத்தோடு பழகிய நம் மாணவருக்கு அதன் முதற்படி கைவந்திருக்கிறது. அதன்மேல் அரபு மொழியையும் எழுத்தணிக் கலையையும் முறையாகக் கற்பாராயின், ஆங்கிலம் மட்டும் அறிந்த ஆயிரவரிடையே அவர் தனித்து நிற்பார்.

நம் முன்னோர் இதற்கு வழி காட்டியே சென்றுள்ளனர். அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் அவர்கள் சமைத்த கருவி. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு, இருக்கும் எழுத்துகளின்மேல் புள்ளியும் குறியும் இட்டுப் புதிய வடிவம் கண்டனர். வடிவமைப்பு என்னும் பெயர் அறியாமலேயே அவர்கள் செய்த வடிவமைப்பு அது.

தமிழும் வெளிநாட்டில் பயன்படாத சரக்கன்று. சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளுள் அது ஒன்று. அங்கு 2017ஆம் ஆண்டு தேசிய நாள் அணிவகுப்புக்காக அச்சிட்ட வெளியீட்டில் தமிழ் எழுத்துகள் சிதைந்து வந்தமை செய்தியாயிற்று. கொம்பும் காலும் இடம் மாறினால் கண்டறியும் கண் வேண்டும். அந்தக் கண்ணைத் தருவது தமிழ்க் கல்வியே.

பஸ்லுர் ரஹ்மான் கான் என்னும் பொறியாளரை எண்ணிப் பாருங்கள். 1929இல் டாக்காவில் பிறந்தார். 1952இல் அமெரிக்கா சென்றார். சிகாகோவின் சியர்ஸ் கோபுரத்துக்குக் கட்டமைப்பு வகுத்தார். 1981இல் திறக்கப்பட்ட ஜித்தா ஹஜ் முனையத்தின் கூடாரக் கூரைக்குக் கட்டமைப்பு வகுத்த பொறியாளரும் அவரே. இலட்சக்கணக்கான ஹாஜிகள் அந்நிழலில் இளைப்பாறியுள்ளனர். பாலைவனக் கூடாரத்தின் பயனை உணர்ந்து, புதிய பொருளால் அதனை மீண்டும் எழுப்பியது அக்கூரை. வெறும் ஆங்கிலத்தால் அது அமையுமா? அவரோ இறுதிவரை வங்கப் பாடல்களில் தோய்ந்தவர். தாய்மொழி அவர் வளர்ச்சிக்குத் தடையாகவில்லை.

மாணவ நண்பர்களே! வேலை தருவோர் முதலில் கேட்பது உங்கள் பணித்தொகுப்பையே. ஐம்பது படங்களைக் குவிப்பதினும் பத்துப் பணிகளைத் தெளிவாகக் காட்டுதல் நன்று. கடலூர்ப் பேருந்து நிலையத்தில் எழுத்தறியாத மூதாட்டி ஒருவர் தாமே சிதம்பரம் பேருந்தைக் கண்டறியுமாறு ஓர் அறிவிப்புப் பலகையை வரைந்து பாருங்கள். யாருக்காக வரைந்தீர்கள், எந்த இடர்ப்பாட்டைத் தீர்த்தீர்கள், ஏன் இந்த நிறம், ஏன் இந்த எழுத்து என்பவற்றை முதலில் தமிழில் எழுதுங்கள். பிறகு ஆங்கிலத்தில் எழுதுங்கள். தாய்மொழியில் காரணம் சொல்லத் தெரியாதவர் பிறமொழியில் அதனைச் சொல்வது அரிது.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நகையை அடகு வைத்து முகவரிடம் பணம் கட்டுமுன், அவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று ஆராயுங்கள். சுற்றுலா விசா வேலை செய்வதற்கான உரிமையன்று. போய்ச் சேர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்போர் சொல்லை நம்பாதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதியைப் பிள்ளையின் பயிற்சிக்கும் நல்ல கணினிக்கும் செலவிடுங்கள்.

தமிழும் அரபியும் ஆங்கிலமும் கற்கும் வாய்ப்புப் பெற்ற சமுதாயம் நம்முடையது. ஒன்றை ஏற்க மற்ற இரண்டை இழக்க வேண்டியதில்லை. மூன்றையும் ஏந்திச் செல்லும் இளைஞர் அயல்நாட்டில் வேலை இரப்பவராக அல்லர், வேண்டப்படுபவராகவே நிற்பர். இறைவன் அதற்கு அருள்வானாக!