லினக்ஸில் கமரா இயங்காதா?

பதுளைத் தோட்டப் பாடசாலைகளுக்குப் பழைய கணினிகளை அனுப்ப முன்வரும் அன்பர்கள் சிலர் சொல்லும் சாட்டு இது: "லினக்ஸ் போட்டால் வெப்கமரா இயங்காது, பிள்ளைகள் பாவம்." இதனை ஏற்பதற்கில்லை.

2025 ஒக்டோபர் 14இல் விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவு முடிவுற்றது. விண்டோஸ் 11ஐ ஏற்காத கணினிகளுக்கு லினக்ஸ் மறுவாழ்வு தரும். கமராவோ? அதனுள் இருக்கும் சில்லு எவ்வாறு தரவை அனுப்புகிறது என்பதை உற்பத்தியாளர் பலர் மறைத்தனர்; விண்டோஸுக்கு மட்டும் இறுவட்டுத் தந்தனர். பழியோ லினக்ஸின் தலையில் விழுந்தது!

மிஷெல் ஸார் என்னும் பிரெஞ்சு மருத்துவர், தம் ஓய்வு நேரத்தில், இருநூறுக்கும் மேற்பட்ட கமராக்களுக்கு இயக்கிமென்பொருள் எழுதினார். அதன் வழிவந்த ஜிஎஸ்பிசிஏ 2008இல் லினக்ஸின் உட்கருவிலேயே சேர்க்கப்பட்டது. யூவிசி என்னும் பொதுத்தரத்துக்கான இயக்கியும் அதே ஆண்டில் சேர்ந்தது. அத்தரத்தில் அமைந்த கமராவைச் செருகினால் போதும், இறுவட்டு வேண்டியதில்லை. படம் வராவிடில் எல்எஸ்யூஎஸ்பி என்னும் கட்டளை அதன் அடையாள எண்ணைக் காட்டும். அதைக் கொண்டு ஏற்ற இயக்கியைத் தேடலாம்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபின், ஆசிரியரின் முகத்தைத் திரையிலும் காணாதிருந்த லயன் பிள்ளைகளை மறந்துவிட்டோமா?

அன்பர்களே, கமரா வாங்குமுன் யூவிசி தரத்ததா என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்குச் சோம்பி, இயங்கும் கணினியைக் குப்பையில் எறியாதீர்கள்.