சைலன்ஸர் போட்டால் சத்தமே வராதாம்!

வில்லன் துப்பாக்கி முனையில் ஒரு குழாயைத் திருகுவான். 'புஸ்க்'. பக்கத்து அறையில் தூங்குகிறவர் புரண்டுகூடப் படுக்கமாட்டார். எத்தனை வருஷமாக இந்தப் புளுகு மக்களே?

1909-ல் ஹைரம் பெர்சி மாக்ஸிம் காப்புரிமை வாங்கிய சமாச்சாரம் இது. குண்டின் பின்னால் சீறிவரும் வாயுவைக் கொஞ்சம் ஆறவிட்டு வெளியே அனுப்பும், அவ்வளவுதான். 160 டெசிபல் சத்தம் 130 பக்கம் இறங்கும். ரோடு உடைக்கிற மெஷினே சுமார் 110 தான்! குண்டு ஒலியைவிட வேகமாகப் பறந்தால் காற்றைக் கிழிக்கும் 'படார்' தனி. அதை எந்தக் குழாயும் அடக்காது. (இதில் ரிவால்வருக்கும் மாட்டிவிடுகிறார்கள். சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதே, சாமி!)

"சினிமாதானே, விடுடா" என்கிறான் ரூம்மேட். எப்படி விட? மூடிய காருக்குள் குழாயே இல்லாமல் பத்து ரவுண்டு சுட்டுவிட்டு, ஹீரோ காதலியிடம் கிசுகிசுக்கிறார். அவளுக்கும் கேட்கிறது! நிஜத்தில் அந்த மாதிரி ஒரே ஒரு வெடி போதும், காது நிரந்தரமாகக் கெட.