டர்போ காருக்கு நூறு ஆக்டேன்: யார் சொன்னது?

சனி, ஞாயிறுல ரமணாசிரமம் எதிர்ல செங்கம் ரோட்ல நிக்கிற வெளியூர் கார்களைப் பாருங்க. பின்பக்கம் ‘டர்போ’, ‘டிஎஸ்ஐ’ன்னு எழுதின பெட்ரோல் வண்டிகள் இப்ப நிறைய. நம்ம பசங்கள்லயும் அப்பாவோட வெண்யூவையோ டைகுனையோ எடுத்துட்டு வர்றவங்க உண்டு. உடனே ஒரு அட்வைஸ் வரும்: “டர்போவா? நூறு ஆக்டேன் போடு மச்சி, இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகாது.”

எனக்கு இதுல உடன்பாடு இல்ல.

டர்போ காத்தை அமுக்கி உள்ள தள்ளுது. அமுக்கின காத்து சூடாகும். பிளக் பத்தவச்ச தீ சிலிண்டர் முழுக்கப் பரவுறதுக்குள்ள, ஓரத்துல இருக்கிற கலவை தானா வெடிச்சா அதுதான் நாக்கிங். ஆக்டேன் எண்ங்கிறது இப்படி அவசரப்படாம இருக்கிற பெட்ரோலோட பொறுமை, அவ்வளவுதான். சக்தியோட அளவு இல்ல. உங்க கார் 91க்கோ 95க்கோ டியூன் பண்ணினதுன்னா, 2020ல வந்த எக்ஸ்பி100ஐ ஊத்தினாலும் பெருசா எதுவும் கூடாது. விலை மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல.

அதே சமயம் மேனுவல்ல 95 கேட்டிருந்தா கஞ்சத்தனம் பண்ணாதீங்க. நாக் சென்சார் கேட்டு, ஈசியு பத்தவைக்கிற நேரத்தைத் தள்ளிப்போட்டு இன்ஜினைக் காப்பாத்தும். ஆனா இழுவையும் மைலேஜும் குறையும்.

இன்னொரு குழப்பம் யூடியூப்ல இருந்து வருது. அமெரிக்கக்காரர் “91 பிரீமியம் போடு”ன்னா, நம்ம ஊர் 91ன்னு நினைச்சுக்காதீங்க. அவங்க எண் ரெண்டு சோதனைகளோட சராசரி. நாம சொல்றது ரான் மட்டும். அவங்க 91, நமக்குக் கிட்டத்தட்ட 95. அங்க பம்ப்லயே மஞ்சள் ஸ்டிக்கர்ல எண் இருக்கும். இங்கயும் ஒவ்வொரு நாசில்லயும் எழுதி ஒட்டினா என்ன குறைஞ்சிடும்?

இ20ஐயும் சும்மா திட்டிட்டிருக்கோம். எத்தனால்ல சக்தி பெட்ரோலைவிட மூணுல ஒரு பங்கு கம்மி, மைலேஜ் அடிவாங்கும். பழைய வண்டி ரப்பர் பாகங்களைப் பத்தின கவலையும் நியாயம்தான். ஆனா நாக்கிங்னு பார்த்தா எத்தனால் டர்போவுக்கு நண்பன். இ20க்கான ரான் 95.

இப்ப நிஜ ஆபத்துக்கு வரேன். மலையைச் சுத்திட்டு, அப்படியே போளூர் வழியா ஜமுனாமரத்தூர் ஏறுறீங்க. அஞ்சு பேர், ஏசி, அஞ்சாவது கியர், 1500 ஆர்பிஎம். வண்டி திணறுது, கியரைக் குறைக்காம ஆக்சிலேட்டரை முழுசா மிதிக்கிறீங்க. டைரக்ட் இன்ஜெக்ஷன் டர்போ இன்ஜின்ல, சிலிண்டருக்குள்ள சிதறின ஆயில் துளியோ கரித்துகளோ பிளக்குக்கு முன்னாடியே பத்த வச்சிடலாம். பேர் எல்எஸ்பிஐ. பிளக் பத்தவைக்கிறதுக்கு முன்னாடியே நடக்கிறதால, நேரத்தைத் தள்ளிப்போடுற வித்தை இங்க எடுபடாது. பிஸ்டன்ல ரிங்குகளுக்கு நடுவுல இருக்கிற வரப்பே உடைஞ்சுபோகும். ஆக்டேனைக் கூட்டி மட்டும் இதைத் தடுக்க முடியாது.

இதுக்காகவே 2018ல ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020ல எஸ்பின்னு ஆயில் தரங்கள் வந்துச்சு. பெட்ரோலுக்கு மணிக்கணக்கா சண்டை போடுறவங்க, சர்வீஸ்ல எந்த ஆயில் ஊத்தினாங்கன்னு பில்லை எடுத்துப் பார்க்கிறதே இல்ல. நூறு ஆக்டேனுக்குக் கொடுக்கிற அந்தக் கூடுதல் காசு, சில டேங்க்லயே நல்ல எஸ்பி ஆயிலுக்கு வந்துடும். பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறதைப் படிங்க, அதையே போடுங்க. மலையில மூணாவது கியருக்கு வாங்க.